மஞ்சள் விழும்போது நிறுத்தணுமா, போயிடலாமா?

புதுஓட்டுநர்:
அண்ணா சாலை மாதிரி ரோட்டில் 50 கி.மீ. வேகத்தில் வரும்போது, சிக்னலை நெருங்குற நேரத்தில் மஞ்சள் விழுந்தா என்ன செய்யறது? பிரேக் அடிச்சா பின்னாடி வர்ற பஸ் இடிச்சிடுமோன்னு பயம். போனா நடுவுலயே சிவப்பு விழுந்திடுது. டைமர்ல 3, 2ன்னு ஓடும்போது ஆக்சிலரேட்டரை மிதிச்சுத் தாண்டுறது சரியா? ஓட்டுறது கார்.

நிறுத்தக்கோடு:
கணக்கு போட்டுப் பார்த்தா பயம் பாதி போயிடும். 50ல வண்டி நொடிக்கு 14 மீட்டர் ஓடுது. மஞ்சளைப் பார்த்து கால் பிரேக்குக்குப் போக ஒரு நொடி, அதாவது 14 மீட்டர். அதுக்கப்புறம் குலுங்காம நிக்க இன்னொரு 28. மொத்தம் 42 மீட்டர். மஞ்சள் 3 நொடி எரியும்னு வச்சுக்கிட்டா, அதுக்குள்ள அதே வேகத்தில் போகிற தூரமும் 42 மீட்டர்தான். அதனால 50 வரைக்கும் ஏதாவது ஒண்ணு முடியும்: சிக்னல் நிறுத்தக் கோடு 42 மீட்டருக்கு மேல தள்ளி இருந்தா நிறுத்துங்க, அதுக்குள்ள வந்துட்டா அதே வேகத்தில் போயிடுங்க.

60ல கதையே வேற. நிக்க 58 மீட்டர் வேணும், 3 நொடியில் போறதோ 50தான். நடுவுல இருக்கிற 8 மீட்டர்ல மஞ்சள் விழுந்தா சுகமா நிறுத்தவும் முடியாது, சிவப்புக்கு முன்னாடி கோட்டைத் தாண்டவும் முடியாது. பல பேர் மாட்டிக்கிறது இங்கதான். 40ல நிக்க 29 மீட்டர், போறது 33. எந்த இடத்தில் மஞ்சள் விழுந்தாலும் வழி இருக்கு. ஆகவே பச்சை எரிஞ்சுக்கிட்டு இருக்கும்போதே காலை ஆக்சிலரேட்டர்ல இருந்து எடுத்து 40க்கு இறக்கிடுங்க. ரொம்ப நேரமா எரியுற பச்சைன்னா கட்டாயம் இறக்குங்க, அது எப்ப வேணா மாறும். மழையில் 30.

பஸ் விஷயம்: மஞ்சள் விழுந்தப்புறம் மிரர் பார்த்தா லேட். ஜங்ஷனுக்கு முன்னாடியே பாருங்க. ஒட்டி வந்தா பிரேக்கை லேசா ரெண்டு தடவை தொடுங்க, சிவப்பு விளக்கு எரியுறது அந்த டிரைவருக்குத் தெரியும். நின்னுக்கிட்டு வர்ற பயணிகளோட பஸ்ஸால சடார்னு நிக்க முடியாது.

வலதுபார்:
டைமரைப் பார்த்து வேகம் கூட்டாதீங்க. குறுக்கு ரோட்டுக்காரங்களும் அவங்க டைமரைப் பார்த்து 2, 1ன்னு இருக்கும்போதே கிளட்சை விடுவாங்க. ரெண்டு பேரும் சந்திக்கிறது ஜங்ஷன் நடுவுலதான், அதுவும் பக்கவாட்டு இடி. கதவுப் பக்கம் தாங்கிக்க அதிகமா ஒண்ணும் கிடையாது. 2019 திருத்தத்துக்கப்புறம் சிவப்பைத் தாண்டுறது மோட்டார் வாகனச் சட்டம் 184வது பிரிவுல, ஆபத்தா ஓட்டுற குற்றத்துல வருது: முதல் தடவையே 1000 முதல் 5000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாசம் முதல் ஒரு வருஷம் சிறை, ரெண்டுமேகூட.

பச்சை விழுந்ததும் முதல்ல வலது பக்கம் பாருங்க, அடுத்து இடது. நாம இடப்பக்கம் ஓட்டுறதால முதல்ல வந்து இடிக்கிற வண்டி வலதுல இருந்துதான் வரும். பக்கத்தில் பஸ் நின்னு மறைச்சா, அது நகரும்போது நகருங்க, முந்தாதீங்க. ஜங்ஷனுக்கு அந்தப் பக்கம் வண்டிகள் தேங்கி இருந்தா பச்சையிலயும் கோட்டைத் தாண்டாதீங்க.

டூவீலர்_தம்பி:
டூவீலர்காரங்களுக்கும் சேர்த்துச் சொல்லிடறேன். லாரி முகப்பை ஒட்டி நிக்காதீங்க, உயரத்தில் இருக்கிற டிரைவருக்கு நீங்க தெரியமாட்டீங்க. பஸ்ஸோட இடப்பக்க இடுக்குல போய் நிக்கிறது அதைவிட மோசம். பஸ் இடதுல திரும்பும்போது பின் சக்கரம் முன் சக்கரம் போன தடத்தில் வராது, உள்பக்கமா வெட்டி வரும். மழையில் ஜீப்ரா கோட்டுப் பெயின்ட் வழுக்கும், பிரேக்கை அதுக்கு முன்னாடியே முடிச்சிடணும்.

புதுஓட்டுநர்:
நன்றிங்க. ராத்திரி மஞ்சள் மட்டும் விட்டுவிட்டு எரியுது, சில நேரம் சிக்னலே அணைஞ்சிருக்கு. அப்ப?

வலதுபார்:
மஞ்சள் சிமிட்டினா வேகத்தைக் குறைச்சு, பார்த்துப் போகலாம். சிவப்பு சிமிட்டினா முழுசா நின்னு, வழி இருந்தா மட்டும் போகணும். அணைஞ்சிருந்தா சிக்னல் இல்லாத ஜங்ஷன் கணக்குதான்: வலப்பக்கம் இருந்து வர்ற வண்டிக்கு வழிவிடணும், சின்ன ரோட்டில் இருந்து ஏறுறவங்க மெயின் ரோட்டுக்கு வழிவிடணும். போலீஸ் நின்னு கை காட்டினா விளக்கு என்ன நிறத்தில் எரிஞ்சாலும் அவர் கைதான் சிக்னல்.