சென்சரி விளையாட்டுப் பெட்டி விற்கப் போகிறேன், எதை வைக்கலாம், எதை எடுக்கலாம்?

மஞ்சள்கிண்ணம் (சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா):
வணக்கம். வீட்டிலிருந்தே சின்னதாக ஒரு வியாபாரம் தொடங்கலாம் என்று இருக்கிறேன். பிள்ளைகள் பிசைந்து, அளைந்து, முகர்ந்து விளையாடும் பெட்டிகள். பிளாஸ்டிக் இருக்கக் கூடாது, ஆட்டிசம் உள்ள பிள்ளையும் பக்கத்து வீட்டுப் பிள்ளையும் ஒன்றாக உட்கார்ந்து விளையாட வேண்டும், அதுதான் ஆசை. இப்போதைக்கு யோசித்திருப்பது மைதா மாவு உருண்டை, சாயம் போட்ட அரிசி, வாட்டர் பீட்ஸ் (தண்ணீரில் ஊதும் ஜெல் மணிகள்), கொஞ்சம் கிளிட்டர் (மினுமினுப்புத் தூள்), லாவண்டர் எண்ணெய். கோயில் திருவிழாவில் கடை போட்டுப் பார்க்கலாமா? தயங்காமல் சொல்லுங்கள்.

ஃபீனிக்ஸ் அக்கா:
வாட்டர் பீட்ஸை முதலில் தூக்கிப் போடும்மா. கடுகளவு இருப்பது தண்ணீரில் கோலிக்குண்டு அளவுக்கு ஊதும், விழுங்கிவிட்டால் குடலுக்குள்ளும் அதே வேலைதான், எக்ஸ்ரேயிலும் பெரும்பாலும் தெரியாது. அமெரிக்காவில் அமேசான், வால்மார்ட், டார்கெட் எல்லாம் 2023 கடைசியில் பிள்ளைகளுக்கென்று விற்பதையே நிறுத்திவிட்டன. வழுவழுப்பு வேண்டுமென்றால் வேகவைத்த ஜவ்வரிசி இருக்கிறதே! பெட்டியில் காய்ந்த ஜவ்வரிசியும் செய்முறைச் சீட்டும் போதும், வேகவைத்ததை அன்றே தூக்கிப் போடச் சொல்.

மாவைப் பச்சையாகக் கொடுக்காதே, பச்சை மைதாவில் ஈ-கோலை, சால்மொனெல்லா மாதிரி வயிற்றைக் கெடுக்கும் கிருமிகள் இருக்கலாம். ஒரு கப் மைதா, அரை கப் உப்பு, 2 டீஸ்பூன் கிரீம் ஆஃப் டார்ட்டர் (கேக் செய்யப் போடும் புளிப்புப் பொடி), ஒரு மேசைக்கரண்டி எண்ணெய், ஒரு கப் தண்ணீர், அடுப்பில் வைத்துச் சட்டியில் ஒட்டாமல் திரளும் வரை கிளறு. நம் டர்பன் புழுக்கத்தில் அதுவும் பூஞ்சை பிடிக்கும், ஃபிரிட்ஜில்தான் வைக்க வேண்டும். கோதுமை ஒவ்வாதவர்களுக்காக மேலேயே பெரிதாக எழுது. இத்தனை உப்பு நாய்க்கு விஷம், அதையும் எழுது.

மகனின் அப்பா:
அக்கா சொன்னது சரி. நான் வாசனையைப் பற்றிச் சொல்கிறேன். என் பையனுக்கு ஆட்டிசம். லாவண்டர் கலந்த மாவைக் கொடுத்தால் அறையை விட்டே ஓடிவிடுவான், ஆனால் கற்பூரத்தை மூக்குக்கிட்டக் கொண்டுபோய் முகருவான் (அது விழுங்கினால் விஷம், பெட்டியில் வேண்டாம்). ஒருவனுக்குப் பிடித்தது இன்னொருவனுக்கு வேதனை, அதனால் எதிலும் வாசனை கலக்காதீர்கள். ஏலக்காய், பட்டை என்று மூடிய சின்ன டப்பாவில் தனியாக வையுங்கள், வேண்டுமென்றால் அவனே திறக்கட்டும். ஈரத்தைத் தொடவே மாட்டாத பிள்ளைகள் உண்டு, அவர்களுக்கு ஒரு மரக்கரண்டி போதும், அவர்களும் விளையாட்டில் இருப்பார்கள். 'குணப்படுத்தும்', 'சிகிச்சை' என்றெல்லாம் அட்டையில் போட்டால் நான் வாங்க மாட்டேன். சென்சரி இண்டெகிரேஷன் என்கிற, புலன் உணர்வுகளைக் கையாளப் பழக்கும் சிகிச்சையை உருவாக்கிய ஜீன் ஏர்ஸ் ஒரு தெரபிஸ்ட், அது பிள்ளையைப் பார்த்துப் பார்த்துச் செய்கிற வேலை, பெட்டியில் அடைத்து விற்க முடியாது. பிள்ளைக்கு ஜாலியாக இருந்தால் போதாதா?

திருவிழாவிலா கடை? உறுமி மேளச் சத்தம் தொடங்குவதற்கு முன் காலையில் போடுங்கள். மேசையை வீல்சேர் உள்ளே நுழையும் உயரத்தில் வையுங்கள்.

டோங்காட் பேரன்:
கிளிட்டர் வேண்டாம். பிளாஸ்டிக் கிளிட்டரை உதிரியாக விற்பதற்கு ஐரோப்பிய ஒன்றியம் 2023 அக்டோபரிலேயே தடை போட்டுவிட்டது. இயற்கையானது என்று மைக்காவுக்கு (மின்னும் கனிமம்) மாறினால், எங்கிருந்து வருகிறது என்று கேட்டு வாங்குங்கள், ஜார்க்கண்ட் சுரங்கங்களில் பிள்ளைகளே தோண்டுகிறார்கள். பிள்ளைகளின் விளையாட்டுக்கு அதுவா?

மினுமினுப்புக்குப் பதில் ஆரத்தி வித்தை. மஞ்சள் கரைத்த தண்ணீரில் ஒரு சிட்டிகை பேக்கிங் சோடா போட்டால் சிவந்துவிடும். சுண்ணாம்பு வேண்டாம், கண்ணில் பட்டால் ஆபத்து. எலுமிச்சை பிழிந்தால் திரும்பவும் மஞ்சள். சட்டையில் கறை படியும், அம்மாக்கள் திட்டுவார்கள், அது வேறு விஷயம்.

அரிசியை அளைந்து விளையாடுவது எங்கள் பாட்டிக்குப் பொறுக்காது. பக்கத்துத் தெருவில் சோறில்லாத வீடு இருக்கும்போது எனக்கும்தான். பழைய சேலைத் துண்டுகள் போடுங்கள், பட்டு, வாயில் என்கிற மெல்லிய துணி, ஜரிகைக் கரை எல்லாம், தையல்காரரிடம் சும்மாவே கிடைக்கும்.

மஞ்சள்கிண்ணம்:
பீட்ஸ், கிளிட்டர், லாவண்டர் மூன்றும் போச்சு! அரிசியும் வேண்டாம், சேலைத் துண்டே நல்ல யோசனை. மூன்று வயதுக்குக் கீழே விற்கப் போவதில்லை, காய்ந்த ஜவ்வரிசி மூக்கில் போய்விடும். அக்கா, மைதாவுக்குப் பதில் அரிசி மாவில் அதே அளவு சரிப்படுமா, உதிர்ந்துவிடாதா?

ஃபீனிக்ஸ் அக்கா:
உதிரும். வெந்நீர் விட்டுக் கொழுக்கட்டை மாவு மாதிரி பிசை, எண்ணெய் கொஞ்சம் கூடுதலாக விடு. முதலில் சின்ன அளவில் செய்து பார்.