மறு: ‘பை ரைட்’ கட்டட அனுமதிக்குத் தமிழில் என்ன சொல்?

அன்பர்களே,

இந்த இழையை முதலிலிருந்து இப்போதுதான் முழுதாகப் படித்தேன். ‘பை ரைட்’, அதாவது வரைபடம் விதிக்குள் இருந்தால் கொடுத்தே ஆகவேண்டிய கட்டட அனுமதிக்கு, ஏழெட்டுப் பேர் சொல் கொடுத்திருக்கிறீர்கள். ஆனால் பொருளைப் பார்க்காமல் ஆங்கிலச் சொல்லை மட்டும் பார்த்துப் பெயர் வைக்கிறோமோ என்று தோன்றியது, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

> ‘பை ரைட்’ என்பதற்கு ‘உரிமைவழி அனுமதி’ போதுமே. நேரடியாக இருக்கிறது.

நேரடியாக இருப்பதுதான் சிக்கல் ஐயா. நம் ஊரில் நிலத்தைப் பற்றிப் பேசும்போது ‘உரிமை’ என்றாலே பட்டா, பத்திரம், வில்லங்கம்தான் கண்முன் வரும். ‘உரிமைவழி அனுமதி’ என்று படிப்பவர், நிலம் யாருக்குச் சொந்தம் என்று பார்த்துக் கொடுக்கும் அனுமதி என்றுதான் நினைப்பார். விஷயம் அதுவல்ல. வரைபடம் விதிக்குள் இருந்தால் அதிகாரி ‘இல்லை’ என்று சொல்ல முடியாது, அவ்வளவுதான். கட்டடம் அழகாக இல்லை, பக்கத்து வீட்டுக்காரருக்குப் பிடிக்கவில்லை, இந்தத் தெருவுக்கு இது பொருந்தாது என்ற எந்தக் காரணமும் செல்லாது.

கலிபோர்னியாச் சட்டத்தில் இதையே ‘மினிஸ்டீரியல்’ என்பார்கள். அங்கே அது அலுவலர் தம் கருத்தைக் கலக்காமல் செய்யும் வேலையைக் குறிக்கும், அமைச்சருக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. யாராவது அவசரத்தில் ‘அமைச்சர் ஒப்புதல்’ என்று மொழிபெயர்த்து வைப்பதற்குள் நாம் ஒரு சொல்லை முடிவு செய்வது நல்லது, ஏனென்றால் பொருள் அப்படியே தலைகீழாகிவிடும்.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் இருப்பது ‘டிஸ்கிரீஷனரி’ அனுமதி, அதாவது கொடுப்பதும் மறுப்பதும் அதிகாரியின் அல்லது அவையின் முடிவுக்கு விடப்பட்ட அனுமதி. அதைப் புரிந்துகொண்டால் இந்தப் பக்கத்துக்குச் சொல் தானே கிடைக்கும் என்பது என் எண்ணம். சான் பிரான்சிஸ்கோவை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே ஸ்டீவன்சன் தெருவில் ஒரு பல்பொருள் அங்காடியின் கார் நிறுத்துமிடத்தில் 495 வீடுகள் கட்ட ஒரு திட்டம் வந்தது. நகரத் திட்ட ஆணையம் ஒப்புதல் கொடுத்துவிட்டது. அப்புறம் மேல்முறையீடு போய், 2021 அக்டோபரில் நகர மேற்பார்வையாளர் அவை (நம் ஊர் மாநகராட்சி மன்றம் போன்றது), சுற்றுச்சூழல் அறிக்கை போதாது என்று சொல்லி 8-க்கு 3 என்று வாக்களித்து அந்த ஒப்புதலைத் திருப்பிவிட்டது. கார் நிறுத்துமிடம் கார் நிறுத்துமிடமாகவே கிடந்தது. வாடகை கொடுத்தே பாதிச் சம்பளம் போகிறது என்று மக்கள் புலம்பும் ஊரில் இது நடந்தது. இரண்டு வருடம் கழித்து மாநில அரசு அந்த ஊரின் நடைமுறையை ஆராய்ந்தபோது, ஒரு வீட்டுத் திட்டத்துக்கு முதல்கட்ட ஒப்புதல் கிடைக்கவே சராசரியாக 523 நாள் ஆகிறது, அதற்குமேல் கட்டட அனுமதிக்கு 605 நாள் என்று தெரிந்தது. நிலத்துக்குக் கடன் வாங்கியவர் அத்தனை நாளும் வட்டி கட்டுகிறார். அந்த வட்டி கடைசியில் யார் தலையில் விழும் என்று சொல்லத் தேவையில்லை.

1970-இல் வந்த கலிபோர்னியாவின் சுற்றுச்சூழல் சட்டம் டிஸ்கிரீஷனரி முடிவுகளுக்குத்தான் பொருந்தும், மினிஸ்டீரியல் முடிவுகளுக்குப் பொருந்தாது. ஆக, ஓர் அனுமதி எந்தப் பெட்டியில் விழுகிறது என்பதைப் பொறுத்தே அறிக்கை, மேல்முறையீடு, வழக்கு எல்லாம் வரும் அல்லது வராமல் போகும். 2017-இல் எஸ்.பி. 35 என்ற சட்டம் செய்ததும் இதுதான்: மாநிலம் வைத்த வீட்டு இலக்கை எட்டாத ஊர்களில், நிபந்தனைகளுக்கு உட்பட்ட திட்டங்களை டிஸ்கிரீஷனரி பெட்டியிலிருந்து மினிஸ்டீரியல் பெட்டிக்கு மாற்றியது. வெறும் அகராதி வேலையாக இதை நினைத்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் இத்தனையும் சொல்கிறேன்.

சரி, டிஸ்கிரீஷனரிக்கு நம்மிடம் ஏற்கெனவே நல்ல சொல் இருக்கிறது: விருப்புரிமை. வீட்டுவசதி வாரிய மனைகளில் ‘அரசு விருப்புரிமை ஒதுக்கீடு’ என்று செய்தித்தாளில் படித்த யாருக்கும் இதன் பொருளை விளக்க வேண்டியதில்லை, அதன் வாசனையும் சேர்ந்தே வரும். எனவே ‘விருப்புரிமை அனுமதி’. இதில் யாருக்கும் மறுப்பு இருக்காது என்று நினைக்கிறேன்.

> ‘விதிப்படி அனுமதி’ என்று வைக்கலாமே. எளிமை.

முதலில் எனக்கும் இதுதான் பிடித்திருந்தது அக்கா. ஆனால் ‘உங்கள் வீட்டுக்கு விதிப்படி அனுமதி கிடைக்கும்’ என்று ஒரு முறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். நம் ஊரில் பணி நிறைவுச் சான்றுக்கு அலைந்தவர் யாராவது இதைக் கேட்டால், தலைவிதியைத்தான் சொல்கிறீர்கள் என்று நினைத்துக்கொள்வார். கிண்டல் ஒருபுறம் இருக்கட்டும், விருப்புரிமை அனுமதியும் விதிப்படிதானே கொடுக்கப்படுகிறது? அந்த விருப்புரிமையையே ஒரு விதிதான் தருகிறது. அதனால் இந்தச் சொல் இரண்டையும் பிரித்துக் காட்டாது.

‘தானியங்கி அனுமதி’யும் வேண்டாம். இணையவழியில், ஒற்றைச்சாளரத்தில் விண்ணப்பித்தாலே தானியங்கி என்று நினைத்துவிடுவார்கள். கோப்பு கணினியில் இருந்தாலும் மேசைக்கு மேசை நகரத்தான் செய்கிறது.

என் பரிந்துரை: சரிபார்ப்பு அனுமதி. அலுவலர் செய்வது அதைத்தான். தளப்பரப்புக் குறியீடு (மனைப் பரப்பைப் போல் எத்தனை மடங்கு தளம் கட்டலாம் என்ற கணக்கு) சரியா, பக்கவாட்டு இடைவெளி சரியா, உயரம் சரியா, வண்டி நிறுத்த இடம் இருக்கிறதா என்று சரிபார்க்கிறார், சரியாக இருந்தால் கையெழுத்து. ஜப்பானில் கட்டடச் சட்டத்தில் வழங்கும் சொல்லின் நேர்ப்பொருளும் ‘உறுதிசெய்தல்’தான், அனுமதி என்றே அதை அழைப்பதில்லை. 1990-களின் கடைசியிலிருந்து தனியார் அமைப்புகளும் அங்கே இந்த வேலையைச் செய்கின்றன. கருத்துச் சொல்லும் வேலை இல்லை என்பதால்தான் அதை வெளியே கொடுக்க முடிந்தது.

ஒருவர் தமிழ்நாட்டின் சுயசான்றுத் திட்டமும் இதுவும் ஒன்றா என்று கேட்டிருந்தார். ஒன்றல்ல, பங்காளி என்று சொல்லலாம். 2024 ஜூலையில் வந்தபோது இருந்த வரம்புப்படி, அந்தத் திட்டத்தில் 2,500 சதுர அடி வரை உள்ள மனையில், 3,500 சதுர அடிக்குள், தரைத்தளமோ அதற்கு மேல் ஒரு தளமோ கட்டுபவர் ‘விதிக்குள் இருக்கிறேன்’ என்று தாமே சான்றளித்து, கட்டணம் கட்டி, உடனே அனுமதி வாங்கிக்கொள்கிறார். அங்கே முன்கூட்டியே சரிபார்ப்பவர் இல்லை. எனவே ‘சுயசான்று அனுமதி’ தனியாகவே இருக்கட்டும்.

‘டீம்டு அப்ரூவல்’ என்று இன்னொன்றும் உண்டு. குறித்த நாளுக்குள் அலுவலகம் பதில் சொல்லாவிட்டால் அனுமதி கிடைத்ததாகவே கொள்வது. கலிபோர்னியாவில் கொல்லைப்புறத்தில் கட்டும் சிறு வீடுகளுக்கு 60 நாள் கெடு இப்படித்தான் இருக்கிறது. நம்மிடம் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் இருக்கும்போது இதை ‘நிகர்நிலை அனுமதி’ என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம்.

ஒரு இடத்தில் மட்டும் என் சொல் தடுமாறும், நீங்கள் சுட்டிக்காட்டுவதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். சென்னையில் உயரமான அடுக்குமாடிக்கு தீயணைப்புத் துறை, போக்குவரத்துக் காவல், விமான நிலைய ஆணையம் என்று பல இடங்களில் தடையின்மைச் சான்று வாங்க வேண்டும். காகிதத்தில் ஒவ்வொன்றும் சரிபார்ப்புதான். ஆனால் ‘இன்னும் ஒரு விளக்கம் தேவை’ என்று கோப்பைத் திருப்பி அனுப்ப முடியும்போது அங்கே விருப்புரிமை வேறு பெயரில் உட்கார்ந்திருக்கிறது. 2019 விதிகளில் தளப்பரப்புக் குறியீட்டை உயரமில்லாக் கட்டடங்களுக்கு 1.5-இலிருந்து 2-ஆகவும், உயரமானவற்றுக்கு 2.5-இலிருந்து 3.25-ஆகவும் கூட்டினார்கள், நல்லதுதான், ஆனால் கூடுதலாகக் கட்டலாம் என்பது வேறு, அதற்கான தாள் எப்போது கைக்கு வரும் என்பது வேறு. இந்த வகைக் கலப்புக்குத் தனிச்சொல் தேவையில்லை. ‘பெயரளவில் சரிபார்ப்பு அனுமதி’ என்று கட்டுரையிலேயே விளக்கி எழுதிவிட்டுப் போகலாம்.

கட்டட வரைஞர்கள் இந்தக் குழுவில் இருக்கிறீர்கள், நடைமுறையில் ‘சரிபார்ப்பு’ என்ற சொல்லை ‘ஸ்க்ரூட்டினி’க்கு (விண்ணப்பத்தை ஆராய்வதற்கு) ஏற்கெனவே பயன்படுத்துகிறீர்களா? அப்படியானால் மோதல் வருமா என்று சொல்லுங்கள்.

‘அப்சோனிங்’ இன்னும் பாக்கி, அதாவது ஓர் இடத்தில் முன்பைவிடக் கூடுதலாகக் கட்டலாம் என்று விதியை மாற்றுவது. ‘வகைமாற்றம்’ என்றால் நிலப்பயன்பாட்டு மாற்றத்தோடு குழம்பும், ‘அடர்வு உயர்த்தல்’ என்றால் மக்களை நெருக்குவதுபோல் ஒலிக்கிறது. வேறு யாரிடமாவது நல்லதாக இருந்தால் தனி இழையில் போடுங்கள்.

அன்புடன்.