அசெம்பிள் 5.1-ஐ விட்டு அட்மாஸுக்குப் போகலாமா? 70,000 ரூபாயில் முதல் செலவு எதற்கு?

பொருநை_கரை (சனி, இரவு 9:10)

வணக்கம். பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு ஹாலில் எட்டு வருடமாக ஓர் அசெம்பிள் 5.1 (ஐந்து ஸ்பீக்கர், பாஸுக்கு ஒரு சப்) ஓடுகிறது. ஊரிலுள்ள மெக்கானிக் அண்ணாச்சி கட்டிக் கொடுத்தது. 24-0-24 வோல்ட், 5 ஆம்ப் டிரான்ஸ்ஃபார்மர். ஒவ்வொரு சேனலுக்கும் 5200, 1943 டிரான்சிஸ்டர் ஜோடி. டிஜிட்டல் ஒலியைச் சேனல் சேனலாகப் பிரிக்க டிடிஎஸ் டீகோடர் போர்டு. முன்னால் இரண்டு 8 இன்ச் பெட்டி, அவற்றுக்கு நடுவே ஒரு சென்டர் பெட்டி, பின்னால் இரண்டு 4 இன்ச் சரவுண்ட், மூலையில் 12 இன்ச் சப். டிவி 55 இன்ச், அதிலிருந்து ஆப்டிகல் ஒயர் ஆம்புக்குப் போகிறது.

ஹால் 14-க்கு 11 அடி. காங்கிரீட் கூரை 10 அடி உயரத்தில், நடுவில் ஃபேன். டைல்ஸ் தரை.

பிரச்சினை என்னவென்றால், வசனம் புரிவதில்லை. அம்மா ரிமோட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு, ஆட்கள் பேசினால் கூட்டுகிறார், சண்டை வந்தால் குறைக்கிறார். கையில் 70,000 ரூபாய் இருக்கிறது. ஒரு 7.2 ரிசீவர் (ஏழு ஸ்பீக்கர், இரண்டு சப் வரை மாட்டக்கூடிய கம்பெனி ஆம்ப்) வாங்கி, மேலே இரண்டு ஸ்பீக்கர் சேர்த்து 5.1.2 அட்மாஸ் (தலைக்கு மேலிருந்தும் ஒலி வரும் முறை) ஆக்க ஆசை. பெட்டிகள் பழையவையே இருக்கட்டும் என்று நினைக்கிறேன். சரிதானா?

தெப்பக்குளம்_மேடை (சனி, இரவு 9:48)

தாராளமாகப் போங்கள் தம்பி. ரிசீவரை அட்மாஸுக்காக மட்டும் வாங்குவதில்லை. கூடவே ஒரு மைக் வரும். அதை சோபாவில் காது இருக்கும் உயரத்தில் வைத்தால், எந்த ஸ்பீக்கர் எத்தனை அடி தள்ளி இருக்கிறது, எது கூடுதலாகக் கத்துகிறது என்று அளந்து தானே சரிசெய்யும். உங்கள் போர்டில் அது கிடையாது.

இன்னொன்று பாஸ். உங்கள் 4 இன்ச் சரவுண்டுக்கு முழு ஒலியும் அப்படியே போகிறது. அந்தச் சின்ன ஸ்பீக்கரால் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே எதையும் உருப்படியாகத் தர முடியாது, அந்த ஒலி அங்கேயே தொலைந்துபோகிறது. ரிசீவரில் 80 ஹெர்ட்ஸ் என்று வைத்தால், அதற்குக் கீழே உள்ளதையெல்லாம் சப்புக்கு அனுப்பிவிடும். சப் என்பது ".1" சேனலுக்கு மட்டும் என்று நம் ஊரில் பலர் நினைக்கிறார்கள். மற்ற ஐந்து சேனலின் பாஸையும் அதுதான் சுமக்க வேண்டும்.

அட்மாஸ் தியேட்டருக்கு 2012-லும் வீட்டுக்கு 2014-லும் வந்துவிட்டது. இப்போது ரிசீவர் வாங்குகிறவர் அது இல்லாமல் வாங்குவதில் அர்த்தமில்லை.

செப்புச்_சுருள் (சனி, இரவு 10:25)

நான் முழுக்க மறுக்கிறேன். கோவையில் இருபது வருடமாக ஆம்ப் கட்டுகிறேன். இவருக்குப் பிரச்சினை நடுவில் இருக்கிறது, நீங்கள் காசைக் கூரைக்கு அனுப்புகிறீர்கள். வசனத்தில் பெரும்பகுதி சென்டரிலிருந்துதான் வருகிறது. அதே பழைய சென்டர் பெட்டியை ரிசீவரில் மாட்டினால், அதே புரியாத வசனம் மைக் வைத்து அளந்து வரும்.

பொருநை, மூன்று விஷயம் சொல்லுங்கள். சென்டர் எங்கே இருக்கிறது? உள்ளே என்ன ஸ்பீக்கர்? படம் ஓடும்போது டீகோடர் போர்டில் எந்த லைட் எரிகிறது?

பொருநை_கரை (சனி, இரவு 10:40)

சென்டர் ஷோகேஸின் உச்சியில், ஆறரை அடி உயரத்தில் இருக்கிறது அண்ணே. உள்ளே இரண்டு 4 இன்ச், கீச்சொலிக்கு ஒரு பீசோ ட்வீட்டர். லைட்டை இப்போது போய்ப் பார்த்தேன். ‘பிசிஎம்’ எரிகிறது. ‘ஏசி-3’ என்று இன்னொன்றும் இருக்கிறது, அது எரிந்து நான் பார்த்ததே இல்லை.

செப்புச்_சுருள் (சனி, இரவு 10:52)

அதுதான் விஷயம். ஆப்டிகல் ஒயரில் பிசிஎம் என்றால் இரண்டு சேனல் ஸ்டீரியோ மட்டும்தான் வரும். எட்டு வருடமும் நீங்கள் கேட்டது 5.1 இல்லை. போர்டு அந்த இரண்டையும் கலந்து சென்டருக்கும், ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்துப் பின்னாலும் அனுப்பியிருக்கும். பாட்டும் பின்னணி இசையும் சேர்ந்து சென்டரில் விழுந்தால் வசனம் எப்படித் தனியாகக் கேட்கும்?

டிவி செட்டிங்கில் சவுண்ட், டிஜிட்டல் அவுட்புட் என்று போய் பிசிஎம்மை எடுத்துவிட்டு டால்பி டிஜிட்டல் (உங்கள் போர்டில் ‘ஏசி-3’ என்பது இதுதான்) அல்லது ஆட்டோ வையுங்கள். சில டிவியில் பிட்ஸ்ட்ரீம் என்று இருக்கும். படத்திலும் ஆடியோ டிராக் 5.1 தானா என்று பாருங்கள். பிறகு சென்டரைக் கீழே இறக்கி டிவிக்கு அடியில் வைத்து, முன்பக்கத்தைச் சற்று மேலே தூக்கி, உட்கார்ந்தவர் முகத்தைப் பார்க்கும்படி திருப்புங்கள். இதற்கு ஒரு ரூபாய் செலவில்லை.

தெப்பக்குளம்_மேடை (சனி, இரவு 11:15)

இது நல்ல யோசனை, இதில் எனக்கு மறுப்பில்லை. நான்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும். ஆனால் ஆப்டிகலில் அதற்கு மேல் போக வழியில்லை என்பதையும் சொல்லிவிடுங்கள் செப்பு அண்ணே. ஓடிடியில் அட்மாஸ் வருவது டால்பி டிஜிட்டல் பிளஸில். ஆப்டிகல் ஒயர் அதைக் கொண்டுபோகாது, டிவியின் ஒலியை ஆம்புக்குத் திருப்பி அனுப்பும் எச்டிஎம்ஐ ஏஆர்சி வேண்டும். ப்ளூ-ரே தட்டில் உள்ள, தரம் குறையாத ட்ரூஎச்டி ஒலியை டிவி வழியாக எடுக்க அதன் மேம்பட்ட வடிவமான ஈ-ஏஆர்சியே வேண்டும். அந்தப் போர்டை வைத்துக்கொண்டிருக்கும் வரை அவர் அங்கேயேதான் நிற்க வேண்டும்.

பொருநை_கரை (ஞாயிறு, மாலை 6:30)

ஏசி-3 எரிகிறது! காலையில் செட்டிங் மாற்றினேன். சென்டரை இறக்கி, முன்னால் இரண்டு மரத்துண்டு கொடுத்துத் தூக்கி வைத்தேன். அம்மாவிடம் எதுவும் சொல்லவில்லை. ஒரு படம் முழுக்க ரிமோட்டைத் தொடவில்லை. முடிந்ததும் "இன்னிக்கு என்ன, எல்லாரும் நல்லா பேசுதாங்க" என்றார். உங்கள் இருவருக்கும் நன்றி.

ஆனால் இரண்டு புதுத் தொல்லை. சோபாவில் பாஸ் ‘கும்’ என்று ஒரே சுருதியில் அடிக்கிறது. இடது சரவுண்ட் என் காதுக்கு மூன்றடியில் இருக்கிறது, வலது ஆறடியில். இப்போது உண்மையான 5.1 வருவதால் எல்லாம் இடது பக்கமே இழுக்கிறது.

தெப்பக்குளம்_மேடை (ஞாயிறு, இரவு 7:05)

ஒலி ஓர் அடி கடக்க ஏறக்குறைய ஒரு மில்லிசெகண்ட் ஆகும். முன் ஸ்பீக்கர் பத்தடியில், இடது சரவுண்ட் மூன்றடியில் என்றால் சரவுண்ட் ஆறேழு மில்லிசெகண்ட் முந்திக்கொள்ளும். முதலில் வந்த ஒலி எந்தப் பக்கமோ அந்தப் பக்கம்தான் காது திரும்பும். வால்யூம் குமிழைத் திருகினால் இது பாதிதான் தீரும். முந்தும் ஸ்பீக்கரின் ஒலியைச் சற்றுத் தாமதிக்க வேண்டும், அதாவது டிலே கொடுக்க வேண்டும். அதைத்தான் ரிசீவர் செய்யும் என்றேன்.

பவர் கணக்கும் சொல்கிறேன். 24-0-24 ஐ டிசி ஆக்கினால் இரு பக்கமும் சுமார் 34 வோல்ட். 8 ஓம் ஸ்பீக்கரில் கணக்குப்படியே 72 வாட், நஷ்டம் போக 50 வந்தால் பெரிது. டிரான்ஸ்ஃபார்மர் மொத்தமே 240 விஏ. அதை ஐந்து சேனலும் சப்பும் பங்கு போடுகின்றன.

செப்புச்_சுருள் (ஞாயிறு, இரவு 7:50)

கணக்கு சரி, முடிவு சரியில்லை. ரிசீவர் அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் 80 வாட் பெரும்பாலும் இரண்டு சேனல் மட்டும் ஓடும்போது அளந்தது. ஏழும் சேர்ந்து ஓடினால் அது இறங்கும். அந்த 80-ஐ அப்படியே எடுத்துக்கொண்டாலும், 50-க்கும் 80-க்கும் வித்தியாசம் 2 டெசிபெல். 14 அடி ஹாலில் யாருக்கு அது தெரியப்போகிறது?

எனக்கு மனதில் உள்ள பெரிய விஷயம் வேறு. என் வீட்டிலும் ஒரு பிராண்டட் ரிசீவர் இருந்தது. ஐப்பசி மாத இடியில் எச்டிஎம்ஐ போர்டு போனது. சர்வீஸ் சென்டரில் போர்டு வர இரண்டு மாதம் காத்திருந்தேன், வந்த பில் ரிசீவர் விலையில் பாதி. பொருநையின் ஆம்பில் ஒரு சேனல் போனால் அவருடைய மெக்கானிக் ஒரே சாயங்காலத்தில் டிரான்சிஸ்டரை மாற்றிக் கொடுத்துவிடுவார். பெருநகரத்துக்கு வெளியே இருப்பவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

தெப்பக்குளம்_மேடை (ஞாயிறு, இரவு 8:10)

அது உண்மையான கஷ்டம், ஒப்புக்கொள்கிறேன். இடி நேரத்தில் கரண்ட் பிளக்கை மட்டும் பிடுங்கினால் போதாது. டிஷ் கேபிளும் இன்டர்நெட் ஒயரும் வழியாகத்தான் பல வீடுகளில் உள்ளே வருகிறது, அங்கிருந்து எச்டிஎம்ஐ. எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். ஆனால் பழுதாகலாம் என்பதற்காக, டிலேயே இல்லாத போர்டோடு காலம் தள்ளச் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

மூன்றாம்_மாடி (ஞாயிறு, இரவு 9:20)

வேளச்சேரி ஃப்ளாட்டிலிருந்து எழுதுகிறேன். நீங்கள் இருவரும் பெட்டியைப் பற்றியே பேசுகிறீர்கள். அவருடைய ‘கும்’ பெட்டியிலிருந்து மட்டும் வரவில்லை, ஹாலிலிருந்து வருகிறது. 14 அடி நீளத்துக்குச் சுமார் 40 ஹெர்ட்ஸ், 11 அடி அகலத்துக்கு 51, 10 அடி உயரத்துக்கு 56. இந்த இடங்களில் அறையே அதிரும். சப்பை மூலையில் வைத்தால் எல்லாவற்றையும் ஒன்றாக எழுப்பிவிடும். சோபா பின்சுவரை ஒட்டி இருந்தால் இன்னும் மோசம். இருக்கிறதா பொருநை?

வழி இதுதான். சப்பைத் தூக்கி சோபாவில் நீங்கள் உட்காரும் இடத்தில் வையுங்கள். பாஸ் உள்ள ஒரே பாட்டைத் திரும்பத் திரும்ப ஓட விட்டு, சுவரோரமாகத் தவழ்ந்து போங்கள். எந்த இடத்தில் ஒவ்வொரு பாஸ் சுரமும் சமமாகக் கேட்கிறதோ அங்கே சப்பை வையுங்கள். என் வீட்டில் அது சமையலறைக் கதவுக்கு ஓரடி தள்ளி வந்தது, நான் ஒருநாளும் யோசித்திராத இடம்.

டைல்ஸ் தரையில் சோபாவுக்கும் டிவிக்கும் நடுவே ஒரு தடித்த கம்பளம் போடுங்கள். ஜன்னலுக்குக் கனமான திரை. இவை பாஸை ஒன்றும் செய்யாது. ஆனால் ச, த, ப போன்ற எழுத்துகளின் கூர்மை சுவரில் மோதிக் குழம்புவது குறையும். அம்மாவுக்கு இன்னும் தெளிவாகக் கேட்கும்.

அட்மாஸுக்கு நான் எதிரி இல்லை. ஆனால் மேல்நோக்கிப் பாடும் ஸ்பீக்கரை இரண்டு வருடம் வைத்திருந்தேன். அது கூரையில் பட்டுத் திரும்பித்தான் காதுக்கு வர வேண்டும். நடுவில் ஃபேன் சுற்றினால் ஒலி கலைகிறது. சித்திரை, வைகாசியில் ஃபேனை நிறுத்திவிட்டுப் படம் பார்க்க முடியுமா? மேலே இருந்து வரும் ஒலியில் பாதி மெல்லியது, இலைச் சலசலப்பு, தூரத்துப் பறவை. அதெல்லாம் ஃபேன் சத்தத்தில் அமுங்கிவிடுகிறது.

தெப்பக்குளம்_மேடை (ஞாயிறு, இரவு 9:55)

மேல்நோக்கிப் பாடுவதை நானும் சொல்ல மாட்டேன். கூரையிலேயே சின்ன ஸ்பீக்கரை பிராக்கெட்டில் மாட்டலாம். உட்கார்ந்தால் காது மூன்றரை அடி, கூரை 10 அடி. நடுவில் ஆறரை அடி இருக்கிறது, அது போதும். உட்காரும் இடத்துக்குச் சற்று முன்னால், இடமும் வலமும் மாட்டினால் ஃபேன் குறுக்கே வராது. எதிர்வீட்டில் மழை பெய்வதைக் கேட்பதும் நம் தலைக்கு மேலே ஓட்டில் மழை விழுவதும் ஒன்றா? ஒரு தடவை கேட்டால் விட மனம் வராது, அதனால்தான் இவ்வளவு வாதாடுகிறேன்.

பொருநை_கரை (ஞாயிறு, இரவு 10:30)

ஆமாம் அக்கா, சோபா பின்சுவரை ஒட்டித்தான் இருக்கிறது. ஓரடி முன்னால் இழுத்துப் பார்த்தேன், அதற்கே ‘கும்’ கொஞ்சம் அடங்கியது. தவழும் வேலை நாளைக்கு.

இப்போது என் கேள்வி மாறிவிட்டது. 70,000-இல் ரிசீவரும் நல்ல சென்டரும் இரண்டும் வருமா? வராவிட்டால் எது முதலில்?

செப்புச்_சுருள் (ஞாயிறு, இரவு 10:48)

சென்டர்தான். அந்த பீசோவைத் தூக்கிப் போட்டுவிட்டு, நல்ல சாஃப்ட் டோம் ட்வீட்டர், இரண்டு 5 இன்ச், ஒலியை இவற்றுக்குப் பிரித்துக் கொடுக்க ஒழுங்கான கிராஸ்ஓவர் வைத்து ஒரு பெட்டி செய்யச் சொல்லுங்கள்.

தெப்பக்குளம்_மேடை (ஞாயிறு, இரவு 11:02)

சென்டரை மட்டும் மாற்றினால் முன்னால் இருக்கும் மூன்றும் மூன்று குரலில் பேசும். கார் இடமிருந்து வலம் போகும்போது நடுவில் வேறு காராக மாறும். மூன்றையும் ஒரே வரிசையில், ஒரே கம்பெனியில் வாங்க வேண்டும். அதனால்தான் ரிசீவர் இப்போது, முன் மூன்று பெட்டி அடுத்த வருடம் என்கிறேன்.

செப்புச்_சுருள் (ஞாயிறு, இரவு 11:20)

குரல் ஒத்துப்போக வேண்டும் என்பது சரி. அதனாலேயே நான் வரிசையைத் திருப்புகிறேன். முன் மூன்றையும் இப்போது வாங்கட்டும், ரிசீவர் அடுத்த தீபாவளிக்கு. பெட்டி பதினைந்து வருடம் உழைக்கும், ரிசீவரில் எச்டிஎம்ஐ மாறிக்கொண்டே இருக்கும். தள்ளிப் போட வேண்டிய பொருள் எது என்று நீங்களே சொல்லுங்கள்.

தெப்பக்குளம்_மேடை (ஞாயிறு, இரவு 11:31)

இந்த ஒரு வாதத்துக்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் சரவுண்டை மட்டும் இந்த வாரமே இடம் மாற்றட்டும். இரண்டும் காதிலிருந்து ஒரே தூரத்தில், பக்கவாட்டிலிருந்து சற்றுப் பின்னால், முன்திசையிலிருந்து 110 டிகிரி. டிலே இல்லாத போர்டில் தூரத்தைச் சமமாக்குவது ஒன்றுதான் கையில் இருக்கும் மருந்து.

பொருநை_கரை (புதன், இரவு 8:15)

முடிவு செய்துவிட்டேன். முன் மூன்று பெட்டியும் ஒரே வரிசையில் வாங்குகிறேன், கூடவே கம்பளம். சரவுண்ட் இரண்டும் ஐந்தடிக்கு நகர்ந்தாயிற்று. சப் இப்போது டிவிக்கு இடப்பக்கம், சுவரின் நடுவில் இருக்கிறது. அங்கேதான் சமமாகக் கேட்டது. ரிசீவர் தீபாவளிக்கு, 7.2 தான், மேலே இரண்டுக்கு ஒயரை இப்போதே இழுத்துவிடலாம் என்று எலக்ட்ரீஷியனிடம் சொல்லியிருக்கிறேன். அப்போது அண்ணாச்சி கட்டிய ஆம்பை என்ன செய்வது? தூக்கிப் போட மனமில்லை.

செப்புச்_சுருள் (புதன், இரவு 8:40)

போடாதீர்கள். ரிசீவரின் சப் அவுட்டிலிருந்து ஆர்சிஏ ஒயர் இழுத்து அந்த ஆம்பின் சப் சேனலில் கொடுங்கள். டிரான்ஸ்ஃபார்மர் முழுவதும் அந்த ஒரு சேனலுக்கே உழைக்கும். ஆம்பில் உள்ள ஃபில்டர் குமிழைக் கடைசி வரை திறந்து வையுங்கள், எங்கே வெட்ட வேண்டும் என்பதை ரிசீவர் பார்த்துக்கொள்ளும். வால்யூமைப் பாதிக்கும் கீழே நிறுத்தி, அதன் பிறகு மைக் அளவு எடுங்கள். எடுத்த பின் அந்தக் குமிழைத் தொடக் கூடாது.

தெப்பக்குளம்_மேடை (புதன், இரவு 8:52)

இரண்டுக்கும் ஒரே பிளக் போர்டிலிருந்து கரண்ட் எடுங்கள் தம்பி, இல்லாவிட்டால் எர்த் சுற்றில் ஹம் வரலாம். ஒயர் இழுக்கும்போது ஃபேன் இறக்கையிலிருந்து இரண்டடியாவது தள்ளி பாயின்ட் வைக்கச் சொல்லுங்கள்.

பொருநை_கரை (புதன், இரவு 9:05)

எலக்ட்ரீஷியன் வெள்ளிக்கிழமை வருகிறார். கூரையில் சாக்பீஸால் குறி போட்டுவிட்டு இங்கேயே படம் போடுகிறேன், பார்த்துச் சொல்லுங்கள் அண்ணே.