10% தள்ளுபடி என்கிறார்கள், 501 ரூபாய்தான் குறைகிறது: லேப்டாப் வாங்க உதவி வேண்டும்

தென்காசி அக்கா:
வணக்கம். தம்பி இந்த வருடம் பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர்ந்திருக்கிறான். தீபாவளி போனஸ் வந்ததும் லேப்டாப் வாங்கித் தருவதாகச் சொல்லியிருந்தேன். ஒரு தளத்தின் தீபாவளி சேலில் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். எம்.ஆர்.பி. 74,990, சேல் விலை 39,990, அதாவது 47% தள்ளுபடி. ரைசன் 5 7520யு பிராசசர், 8 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்.எஸ்.டி.

கிரெடிட் கார்டுக்கு இன்னும் 10% என்று போட்டிருந்தது. 3,999 குறைந்து 35,991க்கு வரும் என்று கணக்குப் போட்டேன். ஆனால் பணம் கட்டும் பக்கத்தில் 39,489 காட்டுகிறது. 501 ரூபாய்தான் குறைந்திருக்கிறது. ஆப்பை அழித்துவிட்டு மறுபடி ஏற்றியும் பார்த்துவிட்டேன், அதே தொகைதான். மேலே ஒரு கடிகாரம் ஓடுகிறது, பக்கத்தில் சிவப்பில் "இன்னும் 2 மட்டுமே". போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. ஆறு மாத நோ காஸ்ட் இ.எம்.ஐ., அதாவது வட்டியில்லாத் தவணை, போடலாம் என்று எண்ணம். எங்கே தப்பு செய்கிறேன்?

கணக்குப்பிள்ளை:
இன்னும் பணம் கட்டவில்லைதானே? அப்படியே நிறுத்தி வையுங்கள் சகோதரி. இரண்டு இடம் பாருங்கள். 10% சலுகைக்குக் கீழே "நிபந்தனைகள்" என்று சின்ன எழுத்தில் இருக்கும், அதில் அதிகபட்சத் தொகை எவ்வளவு? அப்புறம், கூடையில் லேப்டாப் மட்டும்தான் இருக்கிறதா?

தென்காசி அக்கா:
பார்த்தேன் அண்ணா. "இ.எம்.ஐ. அல்லாத பரிவர்த்தனைக்கும், 9 மாதத்துக்குக் குறைந்த இ.எம்.ஐ.க்கும் அதிகபட்சம் ரூ.1,500" என்று இருக்கிறது. கூடையில் "கூடுதல் பாதுகாப்புத் திட்டம் ரூ.999" என்று ஒரு வரி. அதை நான் தொடவே இல்லை, தானாக டிக் ஆகியிருக்கிறது!

கணக்குப்பிள்ளை:
அதுதான் விஷயம். 39,990இல் 1,500 போனால் 38,490. அதோடு 999 சேர்ந்தால் 39,489. உங்கள் கார்டிலும் ஆப்பிலும் கோளாறு இல்லை. டிக்கை எடுத்துவிடுங்கள், 38,490 ஆகிவிடும்.

கேட்காமல் கூடையில் பொருளைச் சேர்ப்பதும், பொய்யாக அவசரம் காட்டுவதும் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று வழிகாட்டு நெறிமுறைகள் வெளியிட்டது. அதில் 13 தந்திரங்களை வரிசைப்படுத்தியிருக்கிறார்கள், அந்தப் பட்டியலில் முதலில் இருப்பதே பொய் அவசரம்தான். ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்து, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழைத்துப் புகார் சொல்லலாம். நானாக இருந்தால் கட்டாயம் சொல்வேன். உங்களுக்கு 999 என்றால், கவனிக்காமல் கட்டிவிட்ட மற்றவர்களுக்கும் 999.

நோ காஸ்ட் இ.எம்.ஐ.யையும் சொல்லிவிடுகிறேன். பூஜ்ய வட்டி என்று ஒன்று கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. அதனால் வங்கி வட்டி போடத்தான் செய்யும். அந்த வட்டித் தொகையை விற்பவர் முன்கூட்டியே விலையில் கழித்துவிடுவார். ஆனால் வட்டி மேல் வரும் 18% ஜி.எஸ்.டி.யை யாரும் கழிப்பதில்லை. 38,490க்கு ஆறு மாதம், வருட வட்டி 16% என்று வைத்தால் வட்டி சுமார் 1,750, அதற்கு வரி 315. செயலாக்கக் கட்டணம் பெரும்பாலும் 199, வரியோடு 235. ஆக சுமார் 550 ரூபாய் கார்டு பில்லில்தான் தெரியவரும். மொத்தமாகக் கட்ட முடிந்தால் கட்டிவிடுங்கள்.

ரிச்சி தெரு பழுதுநீக்கி:
விலையை விடுங்கள் அம்மா, அந்த மெஷினே வேண்டாம். நான் தினமும் லேப்டாப் திறந்து பார்ப்பவன், அதனால் சொல்கிறேன்.

பிராசசரின் 7520 என்ற எண்ணில் 7ஐப் பார்த்துப் புதுசு என்று நினைக்கிறோம். ரைசன் 7000 வரிசையில் பார்க்க வேண்டியது மூன்றாவது இலக்கம். அது 2 என்றால் உள்ளே இருப்பது ஜென் 2, 2019இல் வந்த வடிவமைப்பு. கோர், அதாவது கணக்கிடும் மையம், நாலுதான். பக்கத்திலேயே 7530யு என்று இருக்கும். ஒரே ஒரு இலக்கம்தான் வித்தியாசம், ஆனால் அது ஜென் 3, ஆறு கோர். இரண்டுக்கும் வெளியே ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் "ரைசன் 5" தான்.

அதைவிட முக்கியம் ரேம். 7520யு எல்.பி.டி.டி.ஆர்.5 ரேமை மட்டும்தான் ஏற்கும், அது போர்டிலேயே பற்றவைத்து வரும். 8 ஜிபி வாங்கினால் நாலு வருடமும் 8 ஜிபிதான். "ரேம் கூட்டித் தாங்க அண்ணா" என்று காலேஜ் பிள்ளைகள் கொண்டுவந்து நிற்பார்கள். முடியாது என்று திருப்பி அனுப்பும்போது எனக்கே கஷ்டமாக இருக்கும். வாங்குவதற்கு முன்னால் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்று தோன்றும்.

காலி ரேம் ஸ்லாட் இருக்கிற மாடலாகப் பாருங்கள். 7530யு, அல்லது இன்டெல் ஐ5 12450எச். முழு மாடல் எண்ணைத் தயாரிப்பாளரின் இணையதளத்தில் போட்டு, மெமரி ஸ்லாட் எத்தனை என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். விற்பனைப் பக்கத்தை நம்ப வேண்டாம்.

கோவை ஆசிரியை:
நான் இதே துறையில் பாடம் நடத்துகிறேன். முதல் வருடம் சி, பைத்தான் எல்லாம் எதிலும் ஓடும். மூன்றாம் வருடம் ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ, விர்ச்சுவல் மெஷின் மாதிரி கனமான மென்பொருள்கள் வரும்போது 8 ஜிபி மூச்சுத் திணறும். பழுதுநீக்கி சொல்வது சரி.

இன்னொன்று, 47% என்பது எம்.ஆர்.பி.யில் இருந்து போட்ட கணக்கு. அந்த விலைக்கு அது என்றைக்காவது விற்றதா என்று பாருங்கள். கீப்பா, பைஹட்கே மாதிரியான தளங்களில் பழைய விலை வரைபடம் கிடைக்கும்.

தென்காசி அக்கா:
பார்த்தேன் டீச்சர். ஜூலையில் 41,490, ஆகஸ்டில் 40,990. 74,990க்கு ஒரு நாள்கூட விற்கவில்லை. அப்படியென்றால் உண்மையான தள்ளுபடி ஆயிரம் ரூபாய்தான்! நேற்று ராத்திரி முடிந்த கடிகாரம் இன்று காலையில் மறுபடி முதலிலிருந்து ஓடுகிறது. இன்னும் அதே "2 மட்டுமே".

7530யு மாடல் அதே தளத்தில் 44,990, கார்டு கழிவு போக 43,490. 8 ஜிபி, ஒரு ஸ்லாட் காலி. தயாரிப்பாளர் தளத்திலும் உறுதி செய்துகொண்டேன். சனிக்கிழமை திருநெல்வேலி போகிறேன், கடையிலும் கேட்டுப் பார்க்கிறேன்.

ரிச்சி தெரு பழுதுநீக்கி:
நல்லது. கடையில் அந்த மாடல் எண்ணைக் கடைசி எழுத்து வரை ஒப்பிடுங்கள். ஒரே பெயரில் ஸ்லாட் இல்லாததும் இருக்கும். பெட்டியை உங்கள் முன்னால் பிரிக்கச் சொல்லி, ஆன் செய்து, திரையில் புள்ளி ஏதும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். ஒருவேளை ஆன்லைனில் வாங்கினால் "ரீப்ளேஸ்மென்ட் மட்டும்" என்று இருக்கிறதா, பணம் திரும்பக் கிடைக்குமா என்று முதலில் படியுங்கள். பெட்டி பிரிப்பதை வெட்டாமல் ஒரே வீடியோவாக எடுங்கள்.

தென்காசி அக்கா:
வாங்கியாச்சு! கடையில் 45,500 சொன்னார்கள். போனில் இருந்த விலையைக் காட்டியதும் 43,500க்கு இறங்கி வந்தார்கள். பத்து ரூபாய்தான் வித்தியாசம், பையும் கொடுத்தார்கள். போனஸோடு சீட்டுப் பணமும் சேர்த்து மொத்தமாகக் கட்டிவிட்டேன். தம்பி நேற்றிலிருந்து கீழே வைக்கவில்லை.

ஒரே ஒரு சந்தேகம். சீரியல் எண்ணைத் தயாரிப்பாளர் தளத்தில் போட்டால் வாரண்டி ஆகஸ்டிலேயே தொடங்கியதாகக் காட்டுகிறது. பழசைத் தலையில் கட்டிவிட்டார்களா?

ரிச்சி தெரு பழுதுநீக்கி:
பயப்படாதீர்கள் அம்மா. கம்பெனியிலிருந்து சரக்கு கிளம்பிய தேதியை வைத்துத் தானாகப் பதிவாகியிருக்கும், கடையில் இரண்டு மாதம் இருந்திருக்கும். ஜி.எஸ்.டி. பில்லின் படத்தைத் தயாரிப்பாளரின் சப்போர்ட்டுக்கு அனுப்பி, வாங்கிய தேதிக்கு மாற்றச் சொல்லுங்கள். இப்போதே செய்துவிடுங்கள். பழுதாகும்போது தேடினால் பில்லில் எழுத்து அழிந்திருக்கும்.

தென்காசி அக்கா:
அனுப்பினேன் அண்ணா, இன்று மாற்றிவிட்டார்கள். 1915க்கும் பேசி அந்த 999 விஷயத்தைப் பதிவு செய்துவிட்டேன், புகார் எண் கொடுத்திருக்கிறார்கள். எல்லோருக்கும் நன்றி. ரேம் கூட்டும் நேரம் வந்தால் மறுபடி வந்து கேட்பேன்.