உதவி: டச்சுக் கலியாணப் பதிவில இருக்கிற மாப்பிள்ளை வேற ஒரு இடத்திலயும் இல்லை!

ஊர்க்குருவி:
மனுசி டச்சுக்காரி. மகளுக்குப் பள்ளிக்கூடத்தில குடும்ப மரம் கீறச் சொல்லியிருக்கினம். மனுசியின்ர முன்னோர் ஒராளின்ர கலியாணப் பதிவு கிடைச்சிட்டுது, ஞானஸ்நானப் பதிவு இல்லை. பேர் யான் பீட்டர்ஸ் வான் ஹோர்ன். 'வான் ஹோர்ன்' எண்டு தேடி அலுத்துப்போச்சு. திங்கள் குடுக்கவேணும். ஆராவது?

கடலோடி:
எந்த ஊர்? எந்த வருசம்?

பழையசுவடி:
1811க்குப் பிறகெண்டால் கலியாணப் பதிவோட இணைப்புக் கட்டு இருக்கும். பிறப்புச் சான்று, ஆமிக்குப் பதிஞ்ச துண்டு, எல்லாம். இங்க பத்துத்தரம் எழுதியாச்சு. வாசிச்சிட்டுக் கேளுங்கோ தம்பி.

தேன்மொழி:
திகதி பிரெஞ்சுக் குடியரசு நாட்காட்டியில இருக்கோ? லிம்பேர்க் மாகாணப் பதிவுகளில எனக்கு அதுதான் பிரச்சினை.

ஊர்க்குருவி:
மன்னிக்கோணும். ஆம்ஸ்டர்டாம், மார்ச் 1743. எழுத்து கோழி கிளறின மாதிரி. '24 யார்' எண்டு கிடக்கு (நானும் அதைத்தான் கேக்கிறன்). பிறகு 'ஆவ்டர்ஸ் டோட்'. கீழ 'ஓம்' எண்டு ஒரு சொல். சம்மதம் எண்டதோ?

கடலோடி:
😂 யார் எண்டால் வருசம். ஓம் எண்டால் மாமா, சித்தப்பா, பெரியப்பா எல்லாம். தாய் தகப்பன் செத்திட்டினம், அதுதான் 'ஆவ்டர்ஸ் டோட்'. 25க்குக் கீழ்ப்பட்ட ஆம்பிளைக்குப் பெற்றோர் சம்மதம் வேணும், அவைக்குப் பதிலா ஓம் வந்திருக்கிறார். அவற்ற பேரை முழுசா வாசியுங்கோ.

இன்னொண்டு, அது கலியாணத் திகதியில்லை. 'ஒன்டர்ட்ரவ்', கலியாணத்துக்குப் பேர் குடுத்த நாள். மூண்டு ஞாயிறு அறிவிச்ச பிறகுதான் கலியாணம்.

'வான் ஹோர்ன்' குடும்பப் பேரில்லை, ஹோர்ன் ஊர்க்காரன். பீட்டர்ஸ் எண்டது தகப்பன் பேர், எங்கட வழக்கம் மாதிரி. ஆம்ஸ்டர்டாமை விட்டிட்டு ஹோர்னில 1718, 1719 பாருங்கோ.

தேன்மொழி:
நெப்போலியன் வரும்வரை ஆருக்குமே குடும்பப் பேரில்லை. பகிடிக்கு 'நாக்ட்கெபோரன்', அம்மணமாப் பிறந்தவன், எண்டெல்லாம் பதிஞ்சவை.

பழையசுவடி:
திரும்பவும் அந்தக் கதை! கனபேருக்கு முதலே இருந்தது. குடும்பப் பேர் பதியச் சொன்ன நெப்போலியன்ர 1811 ஆணை, பேர் இல்லாதவைக்கு. நாக்ட்கெபோரன் ஜெர்மன் சொல் திரிஞ்சது, தகப்பன் செத்தபிறகு பிறந்தவன் எண்டு அர்த்தம்.

தேன்மொழி:
என்ட மாமியார் சொன்னவ.

பழையசுவடி:
மாமியார் என்ன சுவடிக்கூடமோ?

தேன்மொழி:
உங்களை ஆர் இஞ்ச வாத்தியாரா வைச்சது?

ஊர்க்குருவி:
கிடைச்சிட்டுது! ஹோர்ன், டிசம்பர் 1718. தகப்பன் பீட்டர் யான்ஸ். அந்த ஓமும் ஒரு யான்ஸ்தான், ரெண்டு பேரின்ர தகப்பன்ர பேரும் யான், அப்ப சித்தப்பாவோ பெரியப்பாவோ. கடலோடி அண்ணைக்கு நன்றி. மகள் திங்களே குடுத்திட்டாள், அந்தக் கிளை இல்லாம.