பேக்டு மக்ரோனி: சாஸ் வற்றி, சீஸ் திரிதிரியா வருது

250 கிராம் மக்ரோனி, 500 மில்லி பால், 200 கிராம் செடார் சீஸ். ஓடிஜியில (சின்ன மின்சார ஓவன்) 200 டிகிரி, 40 நிமிஷம். எடுத்தா சாஸே இல்லை, மேல வறண்டு இருக்கு, சீஸும் திரிதிரியா நிக்குது. எதை மாத்தணும்?

பதில் 1:
பால் பத்தலைங்க. 250 கிராமுக்கு 750 மில்லி வேணும். மக்ரோனி ஓவன்லயும் பாலை இழுத்துக்கிட்டே இருக்கும், அதனால பாக்கெட்ல போட்ட நேரத்துக்கு 2 நிமிஷம் முன்னாடியே வடிச்சிடுங்க. 40 கிராம் வெண்ணெய்ல 40 கிராம் மைதாவை நிறம் மாறாம 2 நிமிஷம் வறுத்து, பாலைக் கொஞ்சம் கொஞ்சமா ஊத்திக் கலக்குங்க. சாஸ்ல முக்கி எடுத்த கரண்டியோட பின்பக்கம் விரலால கோடு போட்டா அது அப்படியே நிக்கணும். மக்ரோனியோட கலக்கும்போது சாஸ் ஜாஸ்தியா தெரியும், தெரியட்டும்.

பதில் 2:
திரியறதுக்குக் காரணம் சூடு. கொதிக்கிற சாஸ்ல சீஸ் போட்டா புரதம் இறுகி, கொழுப்பு தனியா பிரிஞ்சிடும். அடுப்பை அணைச்சு 2 நிமிஷம் விட்டு, துருவின சீஸை மூணு தடவையா சேருங்க. நாள்பட்ட செடார் சீக்கிரம் பிரியும். செடார்ல கால் பங்குக்குப் பதிலா புராசஸ்டு சீஸ் போட்டா சுலபமா பிரியாது, புராசஸ்டு சீஸ்ல குழம்பாக்கி உப்பு (கொழுப்பும் தண்ணியும் பிரியாம சேர்த்து வைக்கிற உப்பு) இருக்கு. அதனால சாஸ்ல உப்பைக் குறைச்சுப் போடுங்க.

பதில் 3:
180 டிகிரி, நடுத் தட்டு, முதல் 15 நிமிஷம் ஃபாயில் மூடி. அப்புறம் திறந்து, வெண்ணெய்ல பிசறின ரொட்டித்தூள் தூவி 10 நிமிஷம். ஓரத்துல குமிழ் வந்தா எடுத்திடலாம். 10 நிமிஷம் ஆறவிட்டு வெட்டுங்க, இல்லேன்னா சாஸ் ஓடிடும்.