காட்டுக்குள் நடந்தால் பிரஷர் குறையுமா?

கேள்வி: தாம்பரத்துக்காரன்

வயது 44, நைட் ஷிப்ட் வேலை. போன மாதம் பிரஷர் 150/96. டாக்டர் மாத்திரை எழுதிவிட்டு, "தினமும் நடங்க" என்றார். நடக்கிறேன், மேம்பாலத்துக்கு அடியில், ஹாரன் சத்தத்தோடு. ஆபீஸ் நண்பர் ஒருவர், ஜப்பான்காரர்கள் மாதிரி 'காட்டுக் குளியல்' போய் வா என்கிறார். இரண்டு நாளுக்கு ஒரு ரிசார்ட்டில் 18,000 ரூபாய் கேட்கிறார்கள். பலன் உண்டா, இல்லை பணம் பிடுங்கும் வேலையா?

பதில்: தோப்புக்காரர்

எங்க ஊருக்கு வாங்க. மாந்தோப்பில் கயிற்றுக்கட்டில் போட்டுத் தருகிறேன். கொசு இலவசம்.

பதில்: கோத்தகிரி அக்கா

தம்பி, நான் நர்ஸ். 1982-இல் ஜப்பான் வனத்துறை வைத்த பெயர் அது, 'ஷின்ரின் யோகு'. குளிக்கிற வேலை எதுவும் இல்லை. மெதுவாக நடப்பது, உட்காருவது, மூச்சை இழுத்து விடுவது, அவ்வளவுதான்.

எங்கள் ஊரில் லாங்வுட் சோலை இருக்கிறது, 116 ஹெக்டேர். அனுமதி வாங்கித்தான் போவேன். ரோட்டு வெயிலிலிருந்து உள்ளே காலை வைத்ததும் கதவைச் சாத்தின மாதிரி இருட்டும் குளிரும். மரமெல்லாம் பாசி, விரலால் அழுத்தினால் தண்ணீர் கசியும். முதல் பத்து நிமிஷம் மனசு வார்டிலேயேதான் சுற்றும். அப்புறம் எங்கேயோ ஒரு சிரிப்பான் குருவி கத்தும், அதைத் தேட ஆரம்பித்தால் டியூட்டி மறந்துபோகும்.

ஒருநாள் ஆர்வக்கோளாறில் பிரஷர் கருவியைப் பையில் போட்டுப் போனேன். நுழையும்போது மேல் அளவு 138, ஒரு மணி நேரம் உட்கார்ந்த பிறகு 124. திரும்பும் வழியில் காட்டெருமை நின்றது. அப்போது எடுக்கவில்லை!

ஆனால் எங்கே அமைதியாக உட்கார்ந்தாலும் கொஞ்சம் இறங்கும். அதனால் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.

பதில்: கணக்குப்பிள்ளை

அக்கா சொன்னது சரி. மரங்கள் பூச்சியையும் கிருமியையும் விரட்ட வெளியிடும் வாசனைப் பொருள்களால் நம் எதிர்ப்புச் சக்தி அணுக்கள் சுறுசுறுப்பாகின்றன என்று சிங் லீ என்ற ஜப்பான் டாக்டர் சொல்கிறார். அவருடைய முதல் ஆய்வில் இருந்தது 12 ஆண்கள்தான். அதை வைத்து ரிசார்ட்காரர் 18,000 கேட்பது கொஞ்சம் ஓவர்.

எனக்குப் பிடித்தது 1984-இல் ராஜர் உல்ரிச் என்ற அமெரிக்க ஆய்வாளர் எழுதியது. பித்தப்பை ஆபரேஷன் செய்துகொண்டவர்களில், ஜன்னல் வழியே மரம் தெரிந்தவர்கள் செங்கல் சுவர் தெரிந்தவர்களைவிடச் சீக்கிரம் வீடு திரும்பினார்கள், கடுமையான வலி மருந்தும் குறைவாகவே தேவைப்பட்டது. இங்கிலாந்தில் சுமார் 20,000 பேரிடம் எடுத்த 2019 ஆய்வில், வாரம் 120 நிமிஷமாவது இயற்கையோடு இருந்தவர்கள் உடம்பும் மனசும் நன்றாக இருப்பதாக அதிகம் சொன்னார்கள். ஒரே நாளில் போனாலும் பிரித்துப் போனாலும் வித்தியாசமில்லை. நன்றாக இருப்பவர்கள்தான் வெளியே போகிறார்களோ என்ற சந்தேகம் மட்டும் மிச்சம்.

உங்களுக்கு வண்டலூர் பூங்கா பக்கம்தானே? மரத்தடிக்குப் போங்கள், புலிக் கூண்டுக் கூட்டம் வேண்டாம். செவ்வாய் விடுமுறை. காப்புக்காட்டுக்குள் மட்டும் அனுமதியில்லாமல் நுழையாதீர்கள், வழக்கு வரும்.

தாம்பரத்துக்காரன்

ஞாயிறு வண்டலூர் போனேன். போனை வண்டியிலேயே வைத்துவிட்டேன். ஒரு மரத்தடி பெஞ்சில் இரண்டு மணி நேரம். பிரஷர் இன்னும் பார்க்கவில்லை. ஆனால் திங்கள் ஷிப்ட் முடிந்து வந்து, பகலில் ஐந்து மணி நேரம் எழுந்திருக்காமல் தூங்கினேன்.

கோத்தகிரி அக்கா

சந்தோஷம். மாத்திரை போட்டீங்களா?